கைப்பிடி தைத்த சாக்கு

நேற்று மதியம் வீரசோழனில் நல்ல மழை. எங்கள் ஊரில் மழை பெய்தால் கடைக்காரர்கள் யாவாரத்தை விட்டுவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவ்வளவு காய்ந்து கிடக்கிறவர்கள் நாங்கள். என் உரக்கடையின் பின்பக்கம் ஒழுகவே, காலிச் சாக்குகளை இடம் மாற்றினேன். அடியிலிருந்து ஒரு சாக்கு வந்தது. இரண்டு பக்கமும் கயிற்றில் கைப்பிடி வைத்துத் தைத்தது. முகர்ந்து பார்த்தேன், யூரியா வாடையே இல்லை. காய்ந்த சேற்று வாடைதான். சிக்கந்தர் போட்ட தையல் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சிக்கந்தரும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் சவுதிக்கு லாரி ஓட்டப் போனான், நான் அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்தேன். ஒரு தடவை லீவில் வந்தவன், அவன் வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க்குப் போகும் ஓடையைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தான். கோழிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய பேம்பர்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே சீமைக் கருவேல். ஞாயிற்றுக்கிழமை சுத்தம் பண்ணப் போகிறோம் என்றான். எனக்குச் சேவை மனசு இருக்கிறது என்று நினைத்துக் கூப்பிடவில்லை. என்னிடம் சாக்கு இருந்தது, அவ்வளவுதான். நானும் முதல் வாரம் வெள்ளை வேட்டியில் போய் நின்றேன்.

ஈரக் குப்பை அள்ளிய சாக்கை ஒரு ஆளால் தூக்க முடியாது. அதனால்தான் இரண்டு பேர் பிடிக்கிற மாதிரி கைப்பிடி தைத்தான். அந்தப் பக்கம் அவன் பிடிப்பான், இந்தப் பக்கம் நான். அவன் நெட்டை. கனம் முழுக்க என் பக்கமே சாயும். அந்த நாற்றத்திலும் சிரித்துக்கொண்டேதான் மேடேறுவோம்.

லீவு முடிந்து அவன் போன பிறகும் வேலை நிற்கவில்லை, அவன் நிற்க விடவில்லை. சனிக்கிழமை ராத்திரி கடை சாத்துகிற நேரத்துக்குச் சரியாகப் போன் வரும். நாளைக்கு யார் யார் வருகிறார்கள் என்று அங்கிருந்தே விரட்டுவான். பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர் ஓடைக்கு ஆள் சேர்த்தவன் அவன் ஒருவன்தான்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்த ஓடையில் தண்ணீர் ஓடிப் பார்க்க வேண்டும். அவனுக்கு லீவு கிடைப்பதெல்லாம் கோடையில். ஒரு வருஷம் முதலாளியிடம் கெஞ்சி ஐப்பசியில் வந்தான். தினமும் காலையில் ஓடைக்கரையில் நின்று மேற்கே பார்ப்பான். இருட்டிக்கொண்டு வரும், காற்று வந்து கலைத்துவிடும். ஒரு பொட்டுத் தூறல் விழவில்லை. நான்தான் மதுரை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவன் ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அவன் கிளம்பிப் போன அதே வாரம் கொட்டித் தீர்த்தது. குடையைக்கூட எடுக்காமல் ஓடைக்கு ஓடி வீடியோ கால் போட்டேன்.

"ஏலே, ஒன் மூஞ்சிய யாரு கேட்டா? தண்ணியக் காட்டுலே."

காட்டினேன். மழையில் டவர் சரியில்லை, படம் அப்படியே நின்றுவிட்டது.

"படம் வேணாம் மாப்ள. போனத் தண்ணிகிட்ட வையி. சத்தம் கேக்கட்டும்."

சாக்கை மடித்துப் போட்டு, போனை அதன்மேல் வைத்தேன். நாங்கள் வெட்டியெடுத்த முள் தூர்களின் பள்ளங்களில் விழுந்து எழுந்து சலசலவென்று போனது தண்ணீர். வெகுநேரம் கழித்து, லைன் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் மறுபடியும் போனைத் தண்ணீர் பக்கமே வைத்துவிட்டேன்.

அடுத்த ஐப்பசிக்கு அவன் இல்லை. அங்கே ரூமில் தூங்கியவன் எழவில்லை, நெஞ்சுவலி என்றார்கள். அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. துக்கத்துக்குப் போன வீட்டில் உடம்பும் இல்லை, நாற்காலிகள்தான் கிடந்தன. சில மாதம் கழித்து அவன் மனைவி நூர்ஜஹான் கடைக்கு வந்தது. உரம் வாங்க வரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, ஓடையில தண்ணி வந்தன்னைக்கி அவுக ஒங்ககிட்டப் பேசுனாகளாமே. அது போன்ல இருக்கா? அவுக கொரலக் கேக்கணும்."

போனில் பேசியது எதுவும் பதிவாகவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். சரிண்ணே என்று சொல்லிவிட்டு அது திரும்பிப் போனது. இன்றுவரை அந்த நடை என் கண்ணில் இருக்கிறது.

அதன்பிறகு சனிக்கிழமை போன் வரவில்லை. ஒவ்வொருவராக வராமல் போனோம். யார்மேல் கோபப்பட? நானே நாலு வாரம் தனியாகப் போய், சாக்கின் மறுபக்கத்தைப் பிடிக்க ஆளில்லாமல் திரும்பி வந்தவன்தான்.

நேற்று மழை விட்டதும் அந்தச் சாக்கோடு ஓடைக்குப் போனேன். கருவேல் பழையபடி மண்டிவிட்டது. பாலத்தடியில் கோழி இறகும் பாட்டிலும் இலையும் அடைத்து, தண்ணீர் கறுப்பாகத் தேங்கிக் கிடந்தது. என்னையறியாமல் போனை எடுத்துத் தண்ணீர் பக்கம் நீட்டினேன். ஒரு சத்தமும் இல்லை.