சேவியர் அண்ணனின் புக்மார்க் பட்டியல்

சேவியர் அண்ணே செத்துட்டாராம். காலையில் யாரோ போட்டோ போட்டிருந்தாங்க. கீழே வரிசையாக ஆர்.ஐ.பி.

தங்கமான மனுசனாம்... கேட்காமலே ஹெல்ப் பண்ணுவாராம்... வாசிக்க வாசிக்க எரிச்சல்தான் வந்தது. அதனால் நானும் ஒன்று எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அன்ஃப்ரெண்ட் பண்ணிக்கொள்ளலாம்.

தெரியாதவர்களுக்கு... கண்டி பஸ் ஸ்டேண்ட் பக்கம் அவர் ஒரு கொமினிகேஷன், அதாவது நெட் கடை, வைத்திருந்தார். ஐந்து கம்பியூட்டர். ஃபோனில் டேட்டா எல்லாம் இல்லாத காலம். நான் அப்போது ஒரு புடவைக் கடையில் வேலை. சனிக்கிழமை அரை மணித்தியாலம் நெட், பிறகு வீட்டுக்குக் கலஹா பஸ்.

அவருக்கு ஒரு பழக்கம். வழக்கமாக வருகிறவர்கள் பார்க்கும் ஸைட்டை அவரவர் பேரிலேயே புக்மார்க் பண்ணி வைப்பார். நமக்கு டைப் அடிக்கிற வேலை மிச்சமாம்.

எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் எல்லார் பேரும் தெரியும். ஒருத்தருக்கு கல்யாணத் தரகு ஸைட், ஒருத்தருக்கு கட்டார் வேலை, ஒருத்தருக்கு வழுக்கைக்கு மருந்து... யாருக்கு எது இல்லையோ அது அங்கே பேரோடு கிடந்தது. போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் அதைக் காட்டிச் சிரிப்பார்.

யாழ்ப்பாணத்து ரிட்டயர்ட் டீச்சர் ஒருவர் தினமும் வந்து மரண அறிவித்தல் ஸைட் மட்டும் பார்ப்பார். இந்த மனுசன் புக்மார்க்கில் அவருக்குப் போட்ட பேர் 'சாவு டீச்சர்'.

டீச்சர் என்னிடம் ஒருநாள் சொன்னார். அவருடைய தம்பி கனடாவுக்குப் போய், ஏதோ கோபத்தில் பேச்சையே விட்டுவிட்டாராம். "அதில அவன்ர பேர் வரேல்லையெண்டா இருக்கிறான் எண்டுதானே, பிள்ளை."

'சாவு டீச்சர்' என்ற பேரை ஒருநாள் ஸ்க்ரீனில் டீச்சரே பார்த்துவிட்டார். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. தம்பி இருக்கிறாரா இல்லையா என்று அப்புறம் எங்கே போய்ப் பார்த்தாரோ...

என் பேரில் இருந்தது, வீடு விற்கிற ஸைட். வாங்கவா? தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர். உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் மற்றவர்களை வெளியே அனுப்ப வேண்டும்.

பெட்ரூம் போட்டோவாகப் பார்ப்பேன். அதிலும் கதவைத்தான். உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய கதவு... அவ்வளவுதான் ஆசை.

ஒரு சனிக்கிழமை அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தார். தோட்டத்து மனுசன், உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். சேவியர் அண்ணே கூப்பிட்டு, கடை நிறைய ஆள் இருக்கும்போது, என் பேரைத் தட்டித் திறந்து காட்டினார்.

"பாருங்க, ஒங்க மக லேக் பக்கம் பங்களா தேடுறா. லயம் பத்தலயாம்."

எல்லாரும் சிரித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவும் சிரித்தார்.

பஸ் பேராதனை தாண்டியது. அப்பா மெதுவாகக் கேட்டார். "நம்ம வீடு ரொம்ப கஷ்டமா இருக்காம்மா?"

இல்லப்பா என்றேன். பொய். அவருக்கும் தெரியும். இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியிருந்தாலும் மறந்திருப்பேன் அண்ணே. எங்கப்பாவை அப்படிச் சிரிக்க வைத்தீங்களே... அதை மன்னிக்க மாட்டேன். செத்துப்போனாலும்தான்.

இப்போது குண்டசாலையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்குத் தனி ரூம். செய்தியைச் சொன்னதும் பாவம் என்றார். வெள்ளை ஷர்ட்டை அயர்ன் பண்ணித் தரச் சொன்னார். பண்ணிக் கொடுத்தேன்.

சாவு வீட்டுக்கு நீ வரலியா என்று கேட்டார். அந்த ஆள் செய்ததற்கு எப்படி வருவேன் என்றேன்.

பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னார். "லயம் பத்தலன்னு அன்னைக்கு அவரு சொல்லலன்னா, நீயா எங்கிட்ட சொல்லியிருப்பியாம்மா?"

அவர் காலரைச் சரிபண்ணி விட்டேன். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

போய்ச் சேருங்க அண்ணே. அப்பா வருவார். நான் வரமாட்டேன்.