விபூதிப் பொட்டலமும் லண்டன் லட்டும்

அந்த இங்கிலாந்து அம்மா லட்டு கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. செங்கம் ரோட்டில் நான் தியான மெத்தைகள் தைத்து விற்கிறேன். வாங்குபவர் அவர் ஒருவர்தான். குளிர்காலம்தோறும் இங்கே வந்து தங்குவார். மற்ற மாதங்களில் லண்டனிலிருந்து எங்கள் மெத்தைகளை ஜெர்மனிக் கடைகளுக்கு அனுப்புவார். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறலாம் என்று அவர் நாடு ஓட்டுப் போட்ட வருடம், இங்கே வந்ததும் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். "நானும் வெளிய போகத்தான் ஓட்டு போட்டேன். இனி எங்க சட்டம் நாங்களே போடுவோம்" என்றார். நமக்கென்ன என்று நானும் இரண்டு தின்றேன்.

அதுவரை லண்டனில் ஒரு தடவை வரி கட்டினால் போதும், பெட்டி ஜெர்மனிவரை போய்விடும். வெளியேறிய பிறகு ஜெர்மனியில் இன்னொரு வரி, சோதனை வேறு. பெட்டிக்கு ஒரு பொட்டலம் கோயில் விபூதி வைப்பது எங்கள் வழக்கம். துணி வெட்டும் பாய்தான் மறக்காமல் ஞாபகப்படுத்துவார். ஜெர்மனியில் சோதனைக்காகப் பெட்டியைத் திறந்தவர்கள் வெள்ளைப் பொடியைப் பார்த்துப் பரிசோதனைக்கு அனுப்பி, எல்லாப் பெட்டிகளையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விற்பனை மொத்தமும் போயிற்று.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிஷினுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். போனை எடுப்பேன், வைப்பேன்.

"இந்நேரம் கிரிவலமே முடிஞ்சிருக்கும்மா" என்றார் பாய். "ஜெர்மனிக்கே நேரா அனுப்பலாமில்ல? வரி ஒரு தடவதான். அவங்களுக்கும் வெல கம்மி, நமக்கும் ஆர்டர் ஜாஸ்தி."

கணக்கு சரிதான். ஆனால் என் முதல் மிஷினை வாங்கிக் கொடுத்ததே அந்த அம்மாதான். அவரை எப்படிக் கழற்றிவிடுவது? நேராக அனுப்பாவிட்டால் என்னிடம் தைக்கும் பெண்களுக்கு வேலை இருக்காது. அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் அவர் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"ஜெர்மனிக் கடையில பேசிட்டேன். நேரா அனுப்புங்க. நடுவுல நான் வேணாம்."

"அப்ப நீங்க மேடம்?"

"வேற வேலை பார்க்கணும்."

கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து, விபூதிப் பொட்டலத்தை அவரே வெளியே எடுத்தார். கொஞ்சம் நெற்றியில் பூசிக்கொண்டார். பாய்க்கு ஆர்டர் கிடைத்த சந்தோஷம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

"லட்டு வாங்கியாரட்டுமாம்மா?"

நான் பதறிப்போய்ப் பாயை முறைத்தேன்.

"வாங்கிட்டு வாங்க பாய்" என்றார் அந்த அம்மா. "அன்னிக்கு நான் குடுத்தேன்ல."

லட்டு வந்தது. அவர் முழுதாகத் தின்றார். அன்றைக்கு இரண்டு தின்ற நான் என் லட்டைப் பாயிடமே கொடுத்துவிட்டேன்.