நிற்காத பஸ்

வட்டுக்கோட்டையிலிருந்து பட்டணம் போகும் பஸ்ஸின் சாரதி அவர். ஒடிசலான ஆள். பேசும்போது யாரையும் நேரே பார்க்கமாட்டார்.

மற்ற பஸ்களை முந்துவதற்காக முதலாளி அதில் ஒரு பெரிய லொறியின் காபரேற்றரைப் பூட்டியிருந்தார். ஓடும்போது பஸ் பறக்கும். ஆனால் காற்றும் பெற்றோலும் கலந்து போகும் அந்த அகன்ற வாய் சின்ன எஞ்சினுக்கு ஒத்துவரவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் இருமிவிட்டு அணைந்துபோகும். அதனால் அவருடைய வலது கால் எப்போதும் மிதித்தபடியே இருக்கும். தேநீர்க் கடை மரவாங்கில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கால் நிலத்தை அமத்திக்கொண்டிருக்கும்.

எங்களோடு சமமாக உட்கார எங்கள் சாதியார் விடாத கூலிச் சனம், சந்தியில் பனையோலைக் கடகங்களோடு நின்று கையைக் காட்டும். அவர் நிறுத்தமாட்டார்.

"நிப்பாட்டினால் எஞ்சின் நிண்டுபோடும்" என்பார்.

அடுத்த வளைவில் ஊர்த் தலைவரான உடையார் நின்றால், எஞ்சினைக் காலால் உறுமவிட்டபடியே நிறுத்துவார்.

பிறகு பழைய காபரேற்றரையே திரும்பப் பூட்டினார்கள். ஒரு நாள் அதே சந்தியில் மாடு குறுக்கே வந்து பஸ் நின்றது. எஞ்சின் அணையாமல் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. கடகத்தோடு ஒரு கிழவி ஓடிவந்தாள். அவள் படியில் கைவைக்கும் முன் பஸ்ஸை எடுத்துவிட்டார்.

முன் இருக்கையில் இருந்த நான் கேட்டேன்: "இப்ப எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லையே, அண்ணை. அந்தக் கிழவியை ஏத்தியிருக்கலாமே?"

"ஓம் தம்பி, எஞ்சினுக்குக் குறை இல்லை. அவளை ஏத்தினால் நீங்கள் எல்லாரும் இறங்கிப் போடுவியள்."

அன்றுதான் அவர் முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தை நேரே பார்த்தார். பட்டணம் வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.