வெள்ளை இறகு செருகியவர்கள்

காலை 7.10க்கு அட்லாண்டாவில் கவிதா வீட்டிலிருந்து புறப்பட்டோம். நான்கு புட்டி தண்ணீர், ஒன்பது இட்லி, மூன்று வேளை மாத்திரை. கவிதா காரை ஓட்ட, பக்கத்தில் அவள் அப்பா ஏழுமலை. என் மனைவியின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர். போகுமிடம் அலபாமாவில் தலபூசா ஆறு லாடம்போல் வளையும் இடம். 1814 மார்ச்சில் அமெரிக்கப் படை கிரீக் பழங்குடியினரில் ஒரு பிரிவினரை அங்கே அழித்தது.

ஏழுமலைக்கு வேறு கவலை. செம்பரம்பாக்கத்தில் எங்கள் மனைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கிடங்கு கட்ட ஒரு கம்பெனி அங்கே நிலம் சேர்க்கிறது. பதினோரு பேரைப் பேசிச் சம்மதிக்க வைத்தவர் இவர். அதற்குப் பதிலாக இவர் மனையைத் தொடமாட்டோம் என்று கம்பெனியின் வாய்ச்சொல். பாக்கி நான் ஒருவன். என் சம்மதக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்தே விமானம் ஏறியிருந்தார்.

"ஒரு கையெழுத்து. அதுக்கு இம்மாம் யோசனையா மாமா?"

"படிச்சுப் பாக்கணும்."

"ஆறு தபா பட்ச்சிட்ட."

"ஏழு."

சுமார் 170 கிலோமீட்டர். மாநில எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டதால், ஒன்பது மணிக்குத் திறக்கும் காட்சிக்கூடத்தின் வாசலில் முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். அனுமதி இலவசம். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இறந்தவர்களின் கணக்குப் பிசகக் கூடாதென்று அமெரிக்க வீரர்கள் ஒவ்வொரு பிணத்தின் மூக்கு நுனியையும் அறுத்தார்களாம். தரையில் கிடந்தவர்கள் மட்டும் 557. ஆற்றில் போனவர்களைச் சேர்த்தால் எண்ணூறுக்கு மேல்.

படையோடு சேர்ந்து போரிட்ட கிரீக் மக்களும் உண்டு. அடையாளத்துக்கு வெள்ளை இறகும் மான்வாலும் செருகிக்கொண்டார்கள்.

"நம்ம ஆளுங்க கல்லுக்கு வெள்ள அடிச்சமே, அந்த மாரி!" என்று சிரித்தார் ஏழுமலை. சம்மதித்தவர்களின் மனைக்கல்லுக்கெல்லாம் அவரே சுண்ணாம்பு அடித்திருந்தார்.

பதினொரு மணிக்கு ஆற்றங்கரைக்கு இறங்கினோம். ஒக்லஹோமாவிலிருந்து வந்த கிரீக் முதியவர் ஒருவர் பெஞ்சில் இருந்தார். கவிதா அவரோடு பேசிவிட்டு வந்தாள்.

"இவரோட முன்னோர் வெள்ளை இறகு வச்சவங்களாம்ப்பா."

"அப்ப ஜெயிச்ச பார்ட்டி. நெலம் கெட்ச்சிருக்குமே?"

அவள் கேட்டாள். முதியவர் நிதானமாகவே சொன்னார். சில மாதங்களில் ஒப்பந்தம். அமெரிக்காவுக்குப் போனது இரண்டு கோடியே முப்பது லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டில் பத்துக்கு ஏழு பங்கு. தோற்றவர்கள் நிலத்தோடு, படைக்குக் கூட நின்றவர்கள் நிலமும் சேர்த்தி. கையெழுத்திட்ட தலைவர்களில் ஏறக்குறைய எல்லாருமே கூட நின்றவர்கள். பின்னாளில் அவர்களையும் ஒக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லையாம்.

"முன்னாடியே எய்தி வாங்கிக்க வேணாவா?" என்றார் ஏழுமலை.

"நீ வாங்குனியாப்பா?"

ஏழுமலை ஆற்றைப் பார்த்தார். அகலம் நூறு, நூற்றிருபது மீட்டர் இருக்கும். அசைவதே தெரியாத தண்ணீர்.

12.30க்குத் திரும்பினோம். இட்லி மூன்று மீதி. பத்து நிமிடம் கழித்து அவர் கடிதத்தை எடுத்தார்.

"மாமா, நீ போடாத. நீயும் போட்டுட்டா அப்பால கம்பெனிக்காரன் என்னாண்ட இன்னாத்துக்குப் பேசப்போறான்?" பிறகு, "அந்தப் பதினோரு பேருக்கு நான் இன்னா சொல்வேன்?" என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார். கடைசிப் பெயர் கவிதாவின் மாமனாருடையது.

அவள் காரைச் சாலையோரம் நிறுத்தி, மாமனார் எண்ணை எடுத்து, கைபேசியை அப்பாவிடம் நீட்டினாள்.

"ஊர்ல ராத்திரி மணி பதினொண்ணு ஆவுதும்மா."

"முழிச்சிக்கினுதான் இருப்பாரு. பேசு."