எங்கள் டிராக்டருக்கு என்ன கலர்?

வாடகை உழவுத் தொழிலில் வண்டி ஓட்டுவது கஷ்டம், பழுது பார்ப்பது அதைவிடக் கஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். பெயிண்ட் அடிப்பதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் எச்சரிக்கவில்லை. பழைய வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கையில் டப்பாவோடு விழித்துக்கொண்டு நிற்பவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. அதனால்தான் எனக்குக் குழப்பம் என்று முதலில் நினைத்தேன். படித்தவர்களையும் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் இன்னும் நன்றாகக் குழப்பினார்கள்.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கலர் உண்டு. என் வீட்டுக்காரர் நூல் மில்லில் இருந்தவர். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்து, இனி மில் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகாராஜபுரத்தில் ஒரு மினி டிராக்டர் விலைக்கு வந்தது. தென்னை வரிசைக்கு நடுவிலும் பருத்திக் காட்டுக்குள்ளும் நுழைந்து போகிற சின்ன வண்டி. வாங்கினோம். இனி எங்கள் வீட்டில் உலை கொதிக்க அந்த வண்டி ஓட வேண்டும்.

அது ஓட வேண்டுமென்றால் கிழக்குத் தெருவிலும் கூப்பிட வேண்டும், மேற்குத் தெருவிலும் கூப்பிட வேண்டும். ஒரு தெருவை மட்டும் நம்பினால் பாதி வருஷம் வண்டி சும்மா நிற்கும். இரண்டு தெருக்காரர்களும் பார்த்தால் பேசிக்கொள்வார்கள். கொடிக்கம்பம் மட்டும் தனித்தனி. நாங்கள் இருப்பது நடுவில், ரோட்டோரம்.

வண்டி துருப்பிடித்துக் கிடந்தது. கோடை மழை விழுவதற்குள் தேய்த்துப் பெயிண்ட் அடித்து இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். தின்னர் வாசனை அவருக்கு ஆகாது. அதனால் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்பிரே அடிக்க மட்டும் கொழுந்தன் முருகேசன் வருவான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் அவனிடம் உண்டு.

ஒன்றுக்கு அடியில் ஒன்று

வாங்கும்போது வண்டி நீலமாக இருந்தது. தேய்க்க ஆரம்பித்தால் நீலத்துக்கு அடியில் பச்சை வந்தது. பச்சைக்கு அடியில் சிவப்பு. மட்கார்டு ஓரத்தில் மஞ்சள். எது கம்பெனி கலர், எது இடையில் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. காற்றுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், சிவப்புதான் கம்பெனி கலர் என்றார். மஞ்சளைக் காட்டியதும், அதுவாகவும் இருக்கலாம் என்றார்.

மனசு கேட்காமல் மகாராஜபுரத்துக்காரருக்கே போன் போட்டேன். ஏதாவது திருட்டு வண்டியாக இருக்குமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் வேறு. அவர் நிதானமாகச் சொன்னார்: "நான் வாங்குறப்பவே நீலந்தான் தாயி. அதுக்கு முந்தி அது எங்கெங்க வாக்கப்பட்டு இருந்துச்சோ, நமக்கு எதுக்கு அந்தக் கதை?"

உப்புத்தாள்

உப்புத்தாளில் நம்பர் போட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சின்ன நம்பர் என்றால் மெதுவாகத் தேய்க்கும், பெரிய நம்பர் என்றால் முரட்டுத்தனமாகத் தேய்க்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வண்டிக்கு வலிக்கக் கூடாது என்று இருப்பதிலேயே சின்ன நம்பராகப் பார்த்து வாங்கிவந்து, பானட் முழுக்கத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வழவழப்பாகும் என்று பார்த்தால் வரிவரியாகப் பள்ளம் விழுந்தது. கை போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

செல்போனில் படம் எடுத்து, ராஜபாளையத்துப் பெயிண்ட் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு பார்த்தார். "நம்பர் கூடக் கூடத்தான் தாள் மெதுவாகும் தாயி. நீங்க வண்டியப் பெயிண்டுக்குத் தயார் பண்ணல, எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கீறி வச்சிருக்கீக."

தலைவர் சிரிக்கிறார்

பள்ளத்தில் எல்லாம் பட்டி பூசி, மறுபடி தேய்த்து, முருகேசன் வந்து சாம்பல் நிறப் பிரைமர் அடித்தான். பிரைமர் பெயிண்ட் இல்லை. பெயிண்ட் பிடிப்பதற்காக அடியில் போடும் பூச்சு. அதற்கு மேல் கிளிப் பச்சை அடிக்கலாம் என்றேன். ஆண்டாள் கையில் இருக்கிற கிளியின் நிறம். அதைப் போய் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? சக்கரத்துக்கு மஞ்சள். வாசல் வேப்பமரத்துப் பழத்தின் நிறம், கிளிக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

பச்சை அடித்து முடித்ததும் காற்று எழும்பியது. வேப்பம்பூவாகக் கொட்ட ஆரம்பித்தது. பாதி காய்ந்துவிட்டது என்று நம்பி, வீட்டில் இருந்த செய்தித்தாளை எல்லாம் எடுத்து பானட்டை மூடினேன். காற்றில் பறக்காமல் இருக்கக் கையால் நன்றாக அழுத்தியும் விட்டேன். காலையில் தாளை உரித்தால் பாதி தாள் என் கையோடு வந்தது, பாதி வண்டியோடு இருந்தது. அதில் ஒரு பக்கம் முழுக்கக் கட்சி விளம்பரம். பானட் நடுவில் ஒரு தலைவர் கும்பிட்டபடி, இடம் வலமாகத் திரும்பி, சிரித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். காது போயிற்று, சிரிப்பு போகவில்லை. முருகேசன் வந்து வண்டியைச் சுற்றி வந்தான். "மதினி, காசு குடுத்து வரைஞ்சாக்கூட இம்புட்டுத் தத்ரூபமா வராது. இனி இவரு செயிச்சா நமக்கு உழவு, தோத்தா கலப்பைய மூலையில சாத்த வேண்டியதுதான்."

கிழக்குத் தெரு

தலைவரைத் தேய்த்து எடுத்து, அந்த இடத்தில் மறுபடி பச்சை அடித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து, கிழக்குத் தெரு வழியாக ஒரு சுற்று போய் வந்தார். மில்லை விட்ட பிறகு அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிச்சி கண்டேன். கிழக்குத் தெருப் பெருமாள் அண்ணன் தென்னந்தோப்பு உழவுக்கு முதல் ஆளாகச் சொல்லி வைத்திருந்தார். மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், பிறகு வேப்பமரத்தைப் பார்த்துப் பேசினார். தோப்பில் இன்னும் மட்டை பொறுக்கவில்லையாம். பொறுக்கவும் ஆள் இல்லையாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மட்டை பொறுக்க நானே வருகிறேன் அண்ணே என்றேன். அவர் சங்கடப்பட்டுப்போய் உண்மையைச் சொன்னார். பச்சையும் மஞ்சளும் சேர்ந்தால் அது மேற்குத் தெருக் கொடியாம். இத்தனை வருஷம் அந்தக் கொடியின் கீழ்தான் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். துணி என்றுதான் பார்த்தேனே தவிர, கலரைப் பார்க்கவில்லை. கிளி என்று சொல்லிப் பார்த்தேன். பெருமாள் அண்ணன் தலையை ஆட்டினார். "கிளின்னு நீ சொல்லுத. என் தோப்புக்குள்ள அது போறத பாக்குறவன் கிளின்னா சொல்லுவான்?"

மேற்குத் தெரு

சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று முருகேசன் சொன்னான். மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. இப்போது அது யாருடைய கொடி என்று நான் முன்கூட்டியே விசாரித்தேன். கடை அண்ணாச்சி யாருடையதும் இல்லை என்றார். என் வீட்டுக்காரர் தெரியவில்லை என்றார். பக்கத்து வீட்டு லட்சுமியம்மா மட்டும் யோசித்து, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்றார். எங்கே என்று கேட்டால் ஞாபகம் வரவில்லை.

எங்கே என்று இரண்டு நாளில் தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர், இரண்டு தெருவிலும் சேராத மூன்றாவது கட்சிக்காரர்கள், பைக்கில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாகக் கும்பிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே மேற்குத் தெருச் சுப்பையா அண்ணன், பருத்திக் காட்டு உழவைப் பேச வந்தவர், வாசலில் நின்று அவர்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அப்படியே திரும்பிப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடப் பார்த்தேன். வந்தவர்கள் விடவில்லை. "அக்கா, ஞாயித்துக்கெழமை நம்ம கட்சி ஊர்வலம். வண்டி முன்னால வரட்டும். கொடிகூட வேண்டாம், அதான் நீங்களே அடிச்சுட்டீகள்ல!"

பாக்கி இருந்த கலர்கள்

ஊர்வலத்துக்கு வண்டி போகவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதை நிரூபிப்பதற்காக வண்டியை எடுக்காமல் நாங்களே அடைந்து கிடந்தோம். இரவெல்லாம் அவர் இருமினார். தின்னர் வாசனையா, கவலையா என்று தெரியவில்லை. கேட்டால் அவருக்கும் தெரியாது. இரண்டு தெருவும் போய்விட்டது. வானம் வேறு மேற்கே மலைப்பக்கம் கறுக்க ஆரம்பித்தது.

எல்லாவற்றையும் மறுபடி தேய்த்தேன். இந்த முறை சரியான உப்புத்தாள். முருகேசன் பானட், மட்கார்டு, சக்கரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சாம்பல் பிரைமர் அடித்துவிட்டு, கலரை முடிவு செய்து வையுங்கள் மதினி, வந்து அடிக்கிறேன் என்று போய்விட்டான். நான் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு கலராக நினைத்துப் பார்த்தேன். நீலத்துக்கு ஆள் இருந்தது. காவிக்கு ஆள் இருந்தது. கறுப்புக்கும் இருந்தது. வெள்ளை அடிக்கலாமா என்றேன். அமரர் ஊர்தி மாதிரி இருக்கும், அதில் உட்கார்ந்து நான் இருமினால் பார்க்கிறவர்கள் முடிவே கட்டிவிடுவார்கள் என்றார் என் வீட்டுக்காரர்.

கடைசியில் எந்தக் கொடியிலும் இல்லாத ஒரு கலர் ஞாபகம் வந்தது. ரோஸ். சந்தோஷத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகளைத் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்த லட்சுமியம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கோழியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ரோஸ் கலரா? அடிம்மா, அடி. பொம்பளைகளுக்கு ஓசி பஸ்ஸுன்னு களையெடுக்கப் போற அம்புட்டுப் பேரும் ஏறி உக்காந்துக்கிடுவோம்."

மழை

அன்று சாயங்காலமே மழை கொட்டியது. விடிந்ததும் முதல் போன் பெருமாள் அண்ணன். ஈரம் காய்வதற்குள் தோப்பை உழ வேண்டும், செட்டியார்பட்டி வண்டிக்காரர் வர இரண்டு நாள் ஆகுமாம். வண்டி இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லையே அண்ணே என்றேன். அப்படியே வரட்டும் என்றார். என் வீட்டுக்காரர் சாம்பல் நிற வண்டியில், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். தோப்பு முடிவதற்குள் சுப்பையா அண்ணன் வரப்பில் வந்து நின்றாராம். அவர் பருத்திக் காடு முடிவதற்குள் வன்னியம்பட்டியிலிருந்து ஒருத்தர் வந்து நின்றாராம். அந்த வாரம் முழுக்க வண்டி வீட்டுக்கு வந்தது டீசல் ஊற்றவும், அவர் சாப்பிடவும்தான்.

எப்படி இது நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நாலு நாள் கழித்துப் பெருமாள் அண்ணனைக் கடையில் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, நம்ம கலர்தான் அடிக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், ரொம்பச் சந்தோஷம் என்றார். நான் திகைத்துப்போய்த் தலையை ஆட்டினேன். அதே வாரம் சுப்பையா அண்ணனும் வாசலில் வந்து நின்றார். அவரும் பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டார். "எங்க கலரத்தான் அடிக்கப் போறீகன்னு தெருவுல பேசிக்கிடுதாக. அவசரமில்லம்மா, மொதல்ல வேலை ஓடட்டும், பொறவு அடிச்சுக்கிடலாம்."

மறுபடி அண்ணாச்சி கடை

பிரைமருக்கு ஒரு குணம் உண்டு. மேலே பெயிண்ட் இல்லாவிட்டால் ஈரத்தைக் குடித்துவிடும், அடியில் துரு கிளம்பிவிடும். மழைக்காலம் முடிந்ததும் மட்கார்டில் செம்பொட்டாக வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. பெயிண்ட் அடித்தால் ஒரு தெரு போகும்; அடிக்காவிட்டால் வண்டியே போகும். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "நீ சுத்துறத பாத்தா எனக்குத்தான் தலை சுத்துது. போயி ஏதாவது வாங்கிட்டு வா" என்றார் என் வீட்டுக்காரர். மூச்சு வாங்காமல் அவர் முழுசாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். அண்ணாச்சி என்னைக் கண்டதுமே கலர் அட்டையை எடுத்து விரித்தார். நான் அதைப் பார்க்கவேயில்லை. சாம்பல் பிரைமர் இரண்டு டப்பா கேட்டேன். மேலே அடிக்க என்ன கலர் என்றார். அதேதான் அண்ணாச்சி என்றேன். அவர் அட்டையை மெதுவாக மடித்து வைத்தார். "நாங்களும் இம்புட்டு வருசமாக் கடை வச்சிருக்கோம். பிரைமருக்கு மேல பிரைமர் வாங்குற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்."

இப்போதும் யாராவது வண்டியைப் பார்த்து என்ன கலர் அடிக்கப்போகிறீர்கள் என்று கேட்டால், அடுத்த வாரம் அடிக்கப்போகிறோம் என்று மட்டும் சொல்கிறேன், அதுவும் பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு.