எட்டாவது நிழல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் பிசாசு என்றால் முதலில் சிரிக்கிறவள் நான்தான். இப்போதும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நான் மரங்களை வரைகிறவள். அதுவும் குளிர்காலத்தில், வெளியில் நின்று. இலை உதிர்ந்த மரத்தின் மேல் சாய்வாக விழும் வெயிலுக்கு ஈடே கிடையாது. ஆனால் அது அரை மணி நேரம்கூட நிற்காது. அதனால் நிழலைத்தான் முதலில் போடுவேன். மரம் எங்கேயும் ஓடிவிடாது, நிழல் ஓடிவிடும்.

அந்த வாரம் என் கணவரையும் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். இதய ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம். தினமும் கொஞ்சம் வெயிலில் உட்காரட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனுஷன் பிழைத்து வந்ததே பெரிது. கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, மதியம் 3.10. வரிசையாக நிழல்களைப் போட்டேன். எட்டு. பிறகு மரங்களைப் போட வந்தால்... ஏழுதான் இருந்தன.

மறுபடி எண்ணினேன். ஏழு. புல்வெளியில் நிழல்களை எண்ணுவதற்குள் வெயில் போய்விட்டது.

ஒரு நிழலை அழித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை, அவ்வளவு நன்றாக விழுந்திருந்தது. அதற்குப் பொருத்தமாக ஒரு மரத்தை நானே இட்டுக்கட்டி வரைந்தேன். இடது பக்கம் ஒரு வளைந்த கிளை. படத்துக்கு எடுப்பாக இருந்தது.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏழு மரத்தை எட்டா வரைஞ்சிருக்கியே. மொதல்ல கண்ணாடியை மாத்து."

மறுநாள் தன் மடக்கு நாற்காலியை அந்த எட்டாவது இடத்திலேயே போட்டுக்கொண்டார். மரமில்லாத இடம், நல்ல வெயில்.

3.10. தூரிகையை எடுத்தேன்.

"இங்க குளிருது," என்றார்.

நிமிர்ந்தேன். சுற்றிலும் வெயில். அவர் மேல் மட்டும் நிழல். மார்புக்குக் குறுக்கே... ஒரு வளைந்த கிளை.

மேலே பார்த்தேன். வெறும் வானம்.

க்ரீச்... க்ரீச்... கிளை உரசும் சத்தம். காற்றே இல்லை.

"எந்திரிங்க."

"முடியலடி... பின்னாடி ஏதோ பிடிச்சிருக்கு."

ஓடினேன்.

இழுத்தேன்.

3.22. பிடி விட்டது, வந்துவிட்டார்.

அவர் கை ஐஸாக இருந்தது. நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். படத்தை அன்றே கிழித்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் அவர் உயிர் போய்விட்டது. இதயம்தான் என்றார் டாக்டர். அந்த மரத்தை வரைந்தவள் நான் என்று யாரிடம் சொல்லி அழுவது?

பத்து நாள் கழித்து நாற்காலியை எடுக்கப் போனேன். ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த அன்று, அவருக்காக நான் வாங்கியது அது.

வரிசையில் எட்டு மரங்கள் நின்றன.

கடைசி மரத்தில், இடது பக்கம், வளைந்த கிளை. அதன் அடியில் நாற்காலி. இழுத்தேன், வரவில்லை. பின்கால்கள் இரண்டும் அடிமரத்துக்குள் இருந்தன. பட்டை அவற்றைச் சுற்றி மூடி வளர்ந்திருந்தது.

தோட்டக்காரரைக் கூப்பிட்டு, இந்த மரம் எப்போது வந்தது என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இருக்கறதுலயே இதுதாம்மா பழைய மரம். நான் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சு. அந்த நாற்காலி அப்பவே இப்படித்தான் மாட்டியிருந்துச்சு."