சம்பந்தி ஏன் பேச மாட்டேன் என்றார்?

போன மாதம் அமெரிக்காவில், எடிசன் என்கிற ஊரில் என் மகள் நிலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மார்க்கோ. அவனுடைய அப்பா விட்டோ, இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவிலிருந்து இளவயதில் நியூ ஜெர்சி வந்தவர். கேன்சரில் மனைவியைப் பறிகொடுத்தவர்.

ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது ஏற்பாடு. சம்பந்தி முன்கூட்டியே மாட்டேன் என்றுவிட்டார்!

எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டுச் சம்பந்தம் பிடிக்கவில்லையோ?

காரணம், கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் நடந்த ஒரு டின்னரில் புரிந்தது. விட்டோ தன் பாஷையில் மகனிடம் உற்சாகமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மார்க்கோ காலேஜில் இத்தாலியன் படித்தவன். பாதியிலேயே, "நோ டாட், அப்படிச் சொல்லக் கூடாது" என்றான்.

அவ்வளவுதான். மனிதர் கப்பென்று வாயை மூடிக்கொண்டார். சாப்பிடாமல் சாம்பார் சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

அப்படி என்ன தப்பு? நிலாதான் பிறகு சொன்னாள். இன்று காலையில் குடித்த காபியைக்கூட சிசிலிக்காரர்கள் என்றோ முடிந்துபோன காலத்தில்தான் சொல்வார்களாம். புத்தக இத்தாலியனில் அந்த இறந்தகாலம் பழங்கதைக்கும் சரித்திரத்துக்கும் மட்டும்தான். சிசிலிக்காரர்கள் வினைச்சொல்லைப் பல நேரம் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். நாளைக்கு நடக்கப்போவதை நிகழ்காலத்திலேயே சொல்லி முடித்துவிடுவார்கள்.

அட, இதெல்லாம் தப்பா? "நாளைக்கு ஊருக்குப் போறேன்" என்றுதானே நாமும் சொல்கிறோம்! இத்தாலியில் வடக்கே ஓர் இலக்கணம், தெற்கே ஓர் இலக்கணம்... புத்தகத்தில் ஏறியது ஒன்றுதான். மற்றதைப் பேசுகிறவர் பெற்ற பிள்ளை முன்னால் கூனிக் குறுக வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபமான கோபம். நிலாவுக்காக அடக்கிக்கொண்டேன்.

என் மனைவி செல்விக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. ரிசப்ஷன் அன்று நேரே விட்டோவிடம் போனாள். ஆங்கிலத்தில் பேசினாலும் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, உங்க பாஷையிலயே பேசுங்க."

"தப்பும் தவறுமா வரும், செல்வி. பையனுக்கு அவமானம்."

"இந்த ஹால்ல முக்காவாசி எங்க ஆளுங்க. ஒருத்தருக்கும் இத்தாலியன் தெரியாது. யாரு தப்பு கண்டுபிடிக்கப் போறாங்க? எங்களப் பாத்துப் பேசுங்கண்ணா!"

விட்டோ சிரித்துவிட்டார். எழுந்தார். தன் சொந்தக்காரர்களுக்கு முதுகைக் காட்டி, எங்கள் பக்கம் திரும்பி நின்றார். மார்க்கோ பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னான்.

முதலில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே! கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மச்சான், மார்க்கோ சொல்லும் முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக மகனைப் பார்த்து ஏதோ சொன்னார் விட்டோ. மார்க்கோ அதை ஆங்கிலத்தில் சொல்லாமல் அப்பாவையே பார்த்தான். ஹாலே காத்திருந்தது. நிலா அவன் கையைப் பிடித்தாள்.

"'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு உங்கம்மாகிட்ட நான் கேட்டது இந்தப் பாஷையிலதான். அவ சரின்னு சொன்னதும் இதுலதான்."

இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான் மார்க்கோ. அப்பாவைக் கட்டிக்கொண்டு அவர் காதில் ஏதோ சொன்னான். அப்பாவின் சிசிலிப் பேச்சிலேயே, தட்டுத் தடுமாறி, தப்பும் தவறுமாகச் சொன்னானாம்.

விட்டோ திருத்தவில்லை.